நர்ஸம்மாவின் கண்ணாடி

அந்த மாதம் அரியலூரில் எனக்குக் கிடைத்த வேலை, ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பது. ஒருநாள் மனநல வார்டு நர்ஸம்மா ஒருவர், தன் தொழிலுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கப் பேச வந்திருந்தார். குள்ளமானவர், பெரிய கண்ணாடி. பதிலுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் அதைக் கழற்றி முந்தானையால் துடைப்பார்.

“இந்தப் படிப்புக்கு யாரு வரீங்க?”

ஒரு கையும் உயரவில்லை. “பைத்தியத்துக்கு வைத்தியமா?” என்று ஒருவன் முனக, வகுப்பே சிரித்தது. துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே ஏணியில் நின்ற என்னைப் பார்த்தார் நர்ஸம்மா.

“அண்ணே, கொஞ்சம் நோயாளியா நடிங்க. தூக்கம் வரலன்னு சொன்னா போதும்.”

“தலைய பிச்சுக்கணுமாங்க?”

“வேணாம், சும்மா உக்காருங்க.”

உட்கார்ந்து சொன்னேன். அது நடிப்பில்லை, மூன்று மாதமாகத் தூக்கமில்லை. நர்சாக நடிக்க வந்த மாணவி திணறிவிட்டு, “சாப்டீங்களாண்ணே?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

“காலைலேருந்து இல்லம்மா” என்றேன். பிறகு அவள் கேட்காததையெல்லாம் சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றுபோனது.

“பாத்தீங்களா? படிக்காமலே ஒருத்தர பேச வச்சுட்டா. படிச்சா?” என்றார் நர்ஸம்மா. நான்கு கைகள் உயர்ந்தன, அவளுடையது முதலில்.

கிளம்பும்போது என்னிடம் வந்து, “நல்லா நடிச்சீங்கண்ணே” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே நின்றார்.

“வியாழக்கெழம ஆஸ்பத்திரிக்கு வரேன் நர்ஸம்மா” என்றேன்.

அதற்குப் பிறகுதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.