கூக்கா விழுந்த காட்சி

சிரிப்பு நடிகை கூக்கா ஒலிவாரெஸ் நாற்காலியைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறாள். பிறகு கதவை. பிறகு மேசைக் காலை. செட்டுக்குள் நுழைந்ததும் அவளுக்கு முதல் வேலை இதுதான். ஹாலிவுட்டில் எங்கள் ஸ்டுடியோ இருக்கும் தெருவில் பளிங்குத் தூண் என்றால் அட்டை, சுவர் என்றால் சாயம் பூசிய துணி. பாட்டும் கூத்துமாகப் படங்களை அவசர அவசரமாக எடுத்துத் தள்ளுகிற இடம். "நான் சுவத்துல சாஞ்சா, சுவரு என் மேல சாயுதுடி" என்பாள் என்னிடம். நான் அவளுக்கு உடை தைப்பவள், இருவரும் மெக்சிகோவின் சொனோராக்காரிகள்.

திரையில் புருஷன் மீது தட்டுகளை வீசி, மூச்சு விடாமல் ஸ்பானிய மொழியில் திட்டித் தீர்ப்பவள், வெளியே பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. படப்பிடிப்பு முடியும்வரை சாப்பாடு இறங்காது. நின்றபடியே காப்பி, வாயில் எலுமிச்சைத் தோல். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் என்னிடம் ஓடி வருவாள்.

"சிரிச்சாங்களா?"

"யாரு?"

"மேல லைட்டு பிடிக்கிறவங்க."

"மைக் ஓடும்போது எப்படிடி சிரிப்பாங்க?"

"தோளாவது குலுங்குச்சா?"

போன வசந்தத்தில் அவளுடைய ஒப்பந்தம் முடியவிருந்தது. படத்தை முதலில் ஒரு தியேட்டரில் போட்டுப் பார்ப்போம், ஜனங்கள் சிரித்தால் நீட்டிப்பு, இல்லையென்றால் இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். கடைசிப் பாட்டில் அவள் மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி வந்து, கீழே இருக்கும் கல்யாணக் கேக்கின் மேல் உட்கார வேண்டும். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள். ஆடியது.

இயக்குநர் கெஸ்லரிடம் போனாள். "சார், இது ஆடுது."

"நீயும்தான் ஆடுற. தாளம் சேரும், போ."

"ரெண்டு ஆணி மட்டும் அடிக்கச் சொல்லுங்க, சார்."

"தச்சன் அடுத்த செட்டுக்குப் போயாச்சு. பயமா இருந்தா சொல்லிடு, வேற பொண்ணைக் கூப்பிட்டுக்கறேன்."

"பயமெல்லாம் இல்ல, சார்" என்றாள். திரும்பி வந்தவளின் பாவாடைக்குள் பஞ்சு வைத்துத் தைத்தேன். ஊசி இரண்டு முறை என் விரலில் ஏறியது.

பாட்டு ஒலித்தது. பாதி தூரம் சறுக்கி வந்தாள். படீரென்று கைப்பிடி பிய்ந்துகொண்டு வந்தது. இடது கை அடியில் மாட்ட, படியில் விழுந்தாள். நான் ஓட எழுந்தேன். அதற்குள் அவளே எழுந்துவிட்டாள். பிய்ந்த கட்டையைத் துப்பாக்கிபோல வலத்தோளில் சாய்த்துக்கொண்டு, சிப்பாய் நடை போட்டு, ஒரு வரிகூட விடாமல் வாயசைத்தபடி மிச்சப் படிகளையும் இறங்கி, கேக்கின் மேல் சப்பென்று உட்கார்ந்தாள்.

கெஸ்லர் கைதட்டினார். கூக்கா என் காதில், "இன்னொரு தடவை எடுக்கச் சொல்லிடப் போறாருடி. இடது கையைத் தூக்க வரல" என்றாள். வீங்கிய கையிலிருந்து சட்டையைக் கழற்ற முடியாமல் நான் கத்தரியால் வெட்டி எடுத்தேன். மணிக்கட்டு முறிந்திருந்தது.

படத்தைப் போட்டுப் பார்த்த அன்று மாவுக்கட்டைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசையில் முதலாளி. முதல் பாதியில் அரங்கம் சும்மா கிடந்தது; அவள் நகம் என் முழங்கையில் பதிந்தது. மாடிப்படிக் காட்சி வந்ததும் அவளால் திரையைப் பார்க்க முடியவில்லை. இருக்கையில் மண்டியிட்டு, பின்பக்கம் திரும்பி, ஜனங்களின் முகங்களையே பார்த்தாள். கைப்பிடி பிய்ந்தது. அரங்கமே வெடித்தது. முதலாளி தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

எங்களுக்குப் பின்னால் இருந்த பருத்த மனிதர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே அதட்டினார்: "ஏம்மா, தலையைக் கொஞ்சம் இறக்கு. விழுந்தவ என்ன ஆனாளோ, பார்க்க வேண்டாமா?"

"மன்னிச்சிடுங்க, ஐயா" என்று சொல்லிவிட்டு, கூக்கா அவருக்கு மறைக்காதபடி இருக்கையில் நன்றாகச் சரிந்து உட்கார்ந்துகொண்டாள்.