கத்திரி திருத்திய குரல்

கல்லூரியில் அவனுக்குக் கத்திரி என்று பேர். எந்த வீடியோவையும் வெட்டி ஒட்டி ஆளே தெரியாமல் மாற்றிவிடுவான். அந்தத் திமிரும் உண்டு. கடைசி வருடம் வகுப்பே சேர்ந்து ஒரு பாட்டு வீடியோ எடுத்தது. பாடியவள் அவனுடைய சிநேகிதி. மேல் சுரத்துக்குப் போகும்போது அவள் குரல் லேசாகக் கரகரக்கும். மகாமேதாவிக்கு அது பொறுக்கவில்லை. அவளை ஒரு வார்த்தை கேட்காமல், கம்ப்யூட்டரில் சுரம் சுரமாக இழுத்துச் சரிசெய்தான். மூச்சு வாங்கும் சத்தத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. இடத்தை அடைக்கிறதென்று அசல் பதிவையும் அழித்துவிட்டான்.

முடிந்த வீடியோவை அவள் வீட்டில் போட்டுக் காட்டினான். சமையலறையிலிருந்து அவள் அம்மா குரல் கொடுத்தாள்.

"யாருடி அது, இவ்வளவு நல்லா பாடுறா? சரி, நீ பாடினதை எப்போ போடுவீங்க?"

அவள் சிரித்து மழுப்பினாள். அதற்குப் பிறகு எங்கேயும் பாடவில்லை. யாராவது கூப்பிட்டால், "அதான் மெஷின் இருக்கே, அதையே பாடச் சொல்லுங்க" என்பாள்.

இப்போது அவனுக்கு ஒரு ஸ்டுடியோவில் ஊரார் குரலையெல்லாம் திருத்துகிற வேலை. வேலை இல்லாத நேரத்தில் அந்தப் பழைய பாட்டைத் திறந்து, திருத்தியதையெல்லாம் கெடுத்துப் பார்க்கிறான். கரகரப்பு வருகிறது. அவள் குரல்தான் வரமாட்டேன் என்கிறது.