திரைக்கு அப்பால் இருந்தவள்

யாரோ சொல்லக் கேட்டதல்ல இது. என் உடம்பில் நடந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். பக்கத்துப் படுக்கையில் ரேடியோ அக்கா. வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். இருவருக்கும் சிறுநீரகம் போய்விட்டது; எலும்பு வலிதான் போகவில்லை. "பல்லைக் கடிச்சுக் கடிச்சு இருந்த நாலு பல்லும் ஆடுதுடி. எலும்பு டாக்டர்கிட்ட வா" என்று அவள்தான் இழுத்துப் போனாள். அவர் எலும்பைப் பார்த்தார். சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. இருவருக்கும் ஒரே வலி மாத்திரை, மார்பின்.

வலி பறந்தது. ஆனால் நாலைந்து நாளில் என் கை தானாகத் துள்ளியது. டீ கொட்டியது. "தூக்கக் கலக்கம் அத்தை" என்றாள் மருமகள்.

அடுத்த டயாலிசிஸ், மதிய நேரம். கையில் ஊசி ஏறியது. நடுவில் திரை இழுத்திருந்தது. இமை கனத்தது.

"வந்துட்டியா அக்கா?"

"ம்."

ரேடியோ அக்காவா ஒரே எழுத்தில் பதில் சொல்வாள்?

எங்களுக்கு ஒரு பழக்கம். ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாயை இணைத்த இடம், தோலுக்கடியில் வண்டு போல ர்ர்ர் என்று அதிரும். அதிர்ந்தால்தான் ரத்தம் ஓடுகிறது. ஒருத்தி கையை ஒருத்தி தொட்டுப் பார்ப்போம். திரைக்கு அடியில் அவள் கை நீண்டது. தொட்டேன்.

சில்லென்றிருந்தது.

அதிர்வே இல்லை.

"அக்கா... உன் கை..."

"அதை விடு. மூச்சை இழு."

"என்ன?"

"இழுடி!"

இழுத்தேன்.

"இன்னொண்ணு."

"இழுத்துட்டேன்க்கா... தூக்கம் வருது..."

"தூங்கினே, அறைஞ்சிடுவேன். இழு."

இழுத்தேன்.

"இழு."

...

"இழு!"

விழித்தபோது முகத்தில் ஆக்ஸிஜன். டாக்டர் குனிந்திருந்தார்.

"மார்பினோட கழிவு சிறுநீரகம் வழியாத்தான் போகணும்மா. உங்களுக்கு உள்ளேயே தேங்கிடுச்சு. மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. மருந்தை முறிக்கிற ஊசி போட்டிருக்கோம். நல்லவேளை, 'இழுத்துட்டேன், இழுத்துட்டேன்'னு முனகினீங்க. அதைக் கேட்டுத்தான் நர்ஸ் ஓடி வந்தாங்க."

"அக்காவையும் பாருங்க! அவளுக்கும் அதே மாத்திரை!"

நர்ஸ் திரையை விலக்கினார். விரிப்பில் ஒரு கசங்கல் இல்லை.

"அவங்க இன்னைக்கு வரவே இல்லம்மா. இப்பதான் வீட்டுலேர்ந்து போன்... விடியக்காலையிலேயே போயிட்டாங்களாம்."

துக்கம் கேட்கப் போனேன். அவள் மகள் என் மடியில் சாய்ந்து அழுதாள்.

"ராத்திரி பூரா 'இழுத்துட்டேன், இழுத்துட்டேன்'னு யார்கிட்டயோ சொல்லிக்கிட்டே இருந்தாங்க சித்தி. கேட்டா, 'பக்கத்துல ஒரு பொம்பளை தூங்கவே விடமாட்டேங்கறா'ன்னு எரிஞ்சு விழுந்தாங்க. கடைசியா, 'போடி, இனிமே இழுக்க மாட்டேன்'னாங்க. அப்புறம் சத்தமே இல்ல. அம்மா இப்பவாவது நல்லா தூங்கட்டும்னு, நாங்க கதவைச் சாத்திட்டு வந்துட்டோம்."