புரட்டாசியில் ஒரு முதுகெலும்பு

நேற்று ஆயர் குரோ ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் வறுவல் கேட்டேன். வந்த துண்டில் ஒரு முள் கூட இல்லை. "எல்லாம் எடுத்துட்டுதான் வருது ஆன்ட்டி, நல்லதுதானே லா" என்றார் கடைக்காரர். எனக்கு எரிச்சலாக வந்தது. இளம் வயதில் காஜா பெராங் என்ற ஊரில் ஒரு மீன்முள்ளுக்கு நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்!

மெர்டேக்கா, அதாவது நாட்டின் முதல் சுதந்திர நாள், முடிந்து சில வாரம்தான். அங்கே ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியை. இன்ஸ்பெக்டர் என் பாடத்தைப் பார்த்து நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அப்பாவிடம் ரப்பர் தோட்டத்துக்கே திரும்ப வேண்டியதுதான். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் முதுகெலும்புள்ள பிராணிகள் பாடம். மீன், தவளை இனம், ஊர்வன, பறவை, பாலூட்டி என்று ஐந்து வகை. எனக்குப் படம் வரைய வராது. நான் போட்ட தவளையைப் பிள்ளைகள் இட்லி என்றார்கள். அதனால் பெரிய மேதாவி மாதிரி, "வீட்டுல மீனோ கோழியோ சமைச்சா, முதுகெலும்பைக் கழுவி எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். கொண்டாட்ட மயக்கத்தில் மாதம் மறந்துபோயிற்று.

மறுநாள் ஒரு பையனின் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "புரட்டாசியில எலும்பு கேக்குறீங்களே டீச்சர், உங்க வீட்டுல சாமி கும்பிட மாட்டீங்களா?"

தலையில் அடித்துக்கொண்டேன். மொத்த வகுப்பும் சைவம். நானே மீன் வாங்கலாமென்றால், குடியிருந்த வீட்டு அக்கா என் பெட்டியைத் தெருவில் வைத்துவிடுவார். இன்ஸ்பெக்டர் வந்தபோது மேசைமேல் எலும்புக்குப் பதிலாக ஒரு முருங்கைக்காயும் தலைவாரும் சீப்பும்தான் இருந்தன.

"முதுகெலும்பு எங்கம்மா?" என்றார் அவர்.

கடைசி வரிசையிலிருந்து லெட்சுமி எழுந்து வந்தாள். முதுகைத் திருப்பிக் குனிந்தாள். "என்கிட்ட இருக்கு டீச்சர். எண்ணிக்குங்க."

நைந்த சட்டைக்குள் ஒவ்வொரு எலும்பும் துருத்திக்கொண்டிருந்தது. வகுப்பே சத்தமாக எண்ணியது. "இது எந்த வகை?" என்றார் இன்ஸ்பெக்டர். "பாலூட்டி சார்!" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிரமாதமான பாடம் என்று எழுதிவிட்டுப் போனார்.

நானும் சந்தோஷத்தில் மிதந்தேனே தவிர, "காலையில என்னம்மா சாப்பிட்டே?" என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை ஆறவில்லை அந்த ஆத்திரம், என்மேல்தான்.

அந்தப் பள்ளி இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. தீபாவளி விடுமுறைக்குப் பிறகு லெட்சுமி வரவே இல்லை. சில நாள் பார்த்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். அதற்குள் என் வேலை நிரந்தரமாகியிருந்தது.