சிறை வண்டிக்குப் பின்னால் ஓர் எல் போர்டு

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்த பெண்களில் பாதிப் பேர் பிரேக் டீச்சரிடம் திட்டு வாங்கியவர்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் மட்டும் மிதிப்பதற்கு வைத்தது. டீச்சர் அதை மூச்சு விடுவது மாதிரி மிதித்துக்கொண்டே இருப்பார். பெயர் அப்படி வந்தது. பள்ளி, கணவர் ஆரம்பித்தது. அவர் போன பிறகு டீச்சர் ஆண்களைச் சேர்த்துக்கொள்வதை நிறுத்திவிட்டார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள், அப்புறம் நான் எதற்கு என்பது அவர் சொன்ன காரணம்.

அவருக்கு ஒரே தம்பி, பத்திரிகைக்காரன். விசாரணைக்கென்று போலீஸ் கூட்டிப்போய்த் திரும்பி வராதவர்களைப் பற்றி எழுதுவதுதான் அவன் வேலை. எழுதாத நேரத்தில் அவர்களுடைய குடும்பத்தாரைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டு வாசலும் ஆபீஸ் வாசலும் ஏறி இறங்குவான். வெளியில் அவனை மனித உரிமைக்காரர் என்று மரியாதையாகச் சொன்னார்கள். அக்காவைப் பொறுத்தவரை அவன் ஊர் வம்பை விலைக்கு வாங்குகிறவன். அவன் எழுதியதில் ஒரு வரிகூட அவர் படித்ததில்லை. படித்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் காலை வகுப்புக்கு வருகிற பெண்களின் உயிருக்கு யார் பொறுப்பு என்பார்.

ஒருநாள் அவனையும் விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவன் என்று வழக்குப் போட்டுச் சிறையில் வைத்தார்கள். எங்கே இருக்கிறான் என்றாவது தெரிகிறதே, அதுவே நல்ல செய்திதான் என்றார் வக்கீல். அந்த நல்ல செய்தி டீச்சருக்கு ஜீரணமாக ரொம்ப நாளாயிற்று.

ஜாமீன் கேட்டபோதெல்லாம், வெளியே விட்டால் ஓடிவிடுவான் என்று அரசுத் தரப்பு எதிர்த்தது. "பஸ்ஸைப் பிடிக்கவே ஓட மாட்டான் சார் அவன்" என்று டீச்சர் வக்கீலின் காதில் சொன்னார். வக்கீல் அதைக் கோர்ட்டில் சொல்லவில்லை.

தம்பிக்கு இளவயதிலிருந்தே சர்க்கரை. தினம் ஊசி போட்டே ஆக வேண்டும். சிறையில் மருந்து வந்த நாளில் போட்டார்கள், வராத நாளில் போடவில்லை. டீச்சர் இன்சுலினை ஐஸ் பிளாஸ்கில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். வெளி மருந்து உள்ளே போகக் கூடாது என்றார் வாசல் காவலர். அப்படியானால் உள்ளே இருக்கிறதா என்று கேட்டார். அதை உள்ளே கேட்க வேண்டும் என்றார் காவலர். உள்ளே போகலாமா என்று கேட்டதற்கு, கூடாது என்று பதில் வந்தது. பிளாஸ்க் வீடு திரும்பியது. பிறகு வக்கீல் எழுதிக் கேட்டதற்குச் சிறையிலிருந்து ஒரு வரி வந்தது: கைதியின் உடல்நிலை திருப்தியாக உள்ளது. யாருக்குத் திருப்தி என்று அதில் போடவில்லை.

பார்வையாளர் கூடத்தில் இரண்டு கம்பி வலைகள். வெளியாட்கள் ஒன்றுக்கு இந்தப் பக்கம், கைதிகள் மற்றதற்கு அந்தப் பக்கம், நடுவில் ஓர் ஆள் நடக்கிற இடைவெளி. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவதால் யார் சொல்வதும் யாருக்கும் சரியாகக் கேட்காது. ஒருமுறை தம்பி காலை இழுத்துக்கொண்டு வந்தான். என்ன என்று கேட்டதற்குச் செருப்புக் கடி என்றான். அடுத்த முறை பாதத்தில் துணி சுற்றியிருந்தது. அதற்கும் அடுத்த முறை இன்னொரு கைதி தோள்கொடுத்துக் கூட்டி வந்தார். கன்னமெல்லாம் ஒட்டிப்போய், சட்டை ஆணியில் மாட்டிய மாதிரி தொங்கியது. வந்து நின்றவன் வக்கீல் எப்படி இருக்கிறார், புது மாணவிகள் சேர்ந்தார்களா என்று ஊர் நலம் விசாரித்தான்.

"டேய், காலக் காட்டு."

"ஒண்ணும் இல்லக்கா."

"காட்டுறியா, நான் வலையைத் தாண்டி வரட்டுமா?"

அவன் குனிந்து துணியைப் பிரித்தான். இரண்டு விரல்கள் கறுத்துப் போயிருந்தன. நடுவில் நடந்துகொண்டிருந்த காவலரும் பார்த்தார். பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல் நகர்ந்து போனார்.

அந்தச் சமயத்தில்தான் சிறை சூப்பிரண்டின் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். விலாசம் சொன்னபோதே டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. முடியாது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வேண்டாத வார்த்தை எதுவும் பேசிவிடாதீர்கள் என்று வக்கீல் சொல்லி வைத்திருந்தார். அதனால் கிளட்ச், கியர், கண்ணாடி தவிர வேறெதையும் பற்றி டீச்சர் பேசவில்லை. ஆனால் அந்த மாணவி வருகிற நாளில் பிரேக் மிதி மட்டும் கொஞ்சம் பலமாக விழுந்தது. முன்கண்ணாடியில் முட்டிக்கொள்ளப் பார்த்தும் அந்த அம்மாள் வாய் திறக்கவில்லை.

ஒரு காலை வகுப்பில், சிறைக்குப் போகிற சாலை பிரியும் இடத்தில், அந்த அம்மாள் யாரும் சொல்லாமலே வண்டியை ஓரம் கட்டினார். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எல்லாம் வரிசையாகச் செய்தார். பிறகு நேராகச் சாலையைப் பார்த்தபடி பேசினார்.

"டீச்சர், நான் யார் வீட்டு ஆளுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"கிளாஸ் நேரத்துல கிளாஸ்தான்."

அந்த அம்மாள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். "உங்க தம்பியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு சிறை டாக்டரே எழுதிட்டாராம். எப்பவோ எழுதிட்டாராம். கூட்டிட்டுப் போக வண்டி இல்ல, வண்டி இல்லன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்காங்க. வீட்ல போன் பேசினது காதுல விழுந்துச்சு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."



"இண்டிகேட்டர் போடுங்க" என்றார் டீச்சர். "பின்னாடி பாத்துட்டு மெதுவா எடுங்க."

அன்று அவர் பிரேக்கை மிதிக்கவே இல்லை. அந்த அம்மாளை இறக்கிவிட்ட பின் காரிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த மாணவி வந்து கண்ணாடியைத் தட்டி, உடம்பு சரியில்லையா டீச்சர் என்று கேட்டபோதுதான் கன்னம் நனைந்திருப்பது தெரிந்தது. கண்ணில் தூசி என்று சொல்லிவிட்டு, நேரமாச்சு, ஏறு என்றார்.

வக்கீல் யார் பெயரையும் இழுக்காமல், கைதியின் மருத்துவக் காகிதங்களைக் கோர்ட்டில் காட்டச் சொல்லி மனுப் போட்டார். காகிதம் வந்தது. டாக்டர் எழுதியதும் அதில் இருந்தது. ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று நீதிபதி கேட்டார். சிறை வண்டி ரிப்பேரில் இருக்கிறது, சரியானதும் அனுப்புவோம் என்றார் அரசு வக்கீல். எப்போது சரியாகும் என்பதை மெக்கானிக்தான் சொல்ல வேண்டுமாம்.

பார்வையாளர் பெஞ்சிலிருந்து டீச்சர் எழுந்தார். உட்காரச் சொல்லி வக்கீல் கையைக் காட்டினார். டீச்சர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"ஐயா, என்கிட்ட வண்டி இருக்கு."

நீங்கள் யார் என்று கேட்டார் நீதிபதி.

"அவன் அக்கா. டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கேன். போலீஸ்காரங்க பின்னாடி உக்காரட்டும், நானே ஓட்டுறேன். ரெண்டு பிரேக் இருக்கு, பயப்பட வேண்டாம்."

சிலர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கூப்பிடாமல் எழுந்து பேசக் கூடாது என்று முதலில் கண்டித்தார். பிறகு அரசு வக்கீல் பக்கம் திரும்பி, ஒரு டிரைவிங் ஸ்கூலில் இருக்கிற வண்டி ஓர் இலாகாவில் இல்லை என்பதைத் தம்மால் நம்ப முடியவில்லை என்றார். இன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று உத்தரவிட்டார். மெக்கானிக் கைராசிக்காரர் போலிருக்கிறது. மத்தியானத்துக்குள் வண்டி சரியாகிவிட்டது.

சிறை வாசலிலிருந்து அந்த வண்டி கிளம்பியபோது பின்னாலேயே எல் போர்டு மாட்டிய கார் போயிற்று. ஒரு சிக்னலில் காவல் அதிகாரி இறங்கி வந்து, எதற்குப் பின்தொடர்கிறீர்கள் என்று கேட்டார். இது வகுப்பு நேரம் என்றார் டீச்சர். அதிகாரி காருக்குள் எட்டிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

"யாரு கத்துக்கறது?"

"நான்தான்."

பச்சை விழுந்தது. அதிகாரி திரும்பிப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

ஏன் இவ்வளவு தாமதம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார். போலீஸ்காரர்கள் டீச்சரைப் பார்த்தார்கள், டீச்சர் போலீஸ்காரர்களைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆளே தங்கமாட்டார் என்றார்கள். எடுத்தார்கள். சிறுநீரகமும் பாதிக்குமேல் கெட்டுப்போயிருந்தது. மயக்கம் தெளிந்தபோது தம்பியின் மற்றக் கால் கட்டிலோடு சங்கிலியில் பூட்டியிருந்தது. எதற்கு என்று நர்ஸ் கேட்டதற்கு, விதி என்றார் காவலுக்கு இருந்தவர். அக்கா அந்தக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எடுத்த காலில்தான் வலிக்கிறது என்றான் தம்பி. அதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் போர்வையைத் தடவிக் கொடுத்தார்.

அடுத்த முறை ஜாமீன் மனு வந்தபோது, ஓடிவிடுவான் என்ற வாதத்தை அரசுத் தரப்பு எடுக்கவில்லை. ஊரைவிட்டுப் போகக் கூடாது, வாரம் ஒருமுறை ஸ்டேஷனில் வந்து நிற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு வெளியே விட்டார்கள். நிற்க வேண்டும் என்றுதான் உத்தரவில் இருந்தது. ஸ்டேஷனில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. தம்பி அக்கா வீட்டு முன்னறையில் இருக்கிறான். கிட்னி இனித் திரும்பாது, டயாலிசிஸ்தான், எவ்வளவு காலம் என்று கேட்காதீர்கள் என்றார் டாக்டர். டயாலிசிஸ் நாட்களில் மாணவிகள் ஆஸ்பத்திரி வழியிலேயே ஓட்டிப் பழகுகிறார்கள். பின்சீட்டில் தம்பி கண்ணை மூடிக்கொண்டு வருவான். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் மட்டும் முகம் சுளிக்கும்.

கொஞ்சம் தேறியதும் அவன் ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்றான். அவனோடு சிறையில் இருந்த ஒரு பெரியவர், அதே வண்டிக்காகக் காத்திருந்தவர், காத்திருந்தபடியே போய்விட்டார். அவருடைய மகள் ஊர்க்கோடியில் ஒரு சலவைக் கடையில் வேலை செய்கிறாளாம். டீச்சருக்கு வந்ததே கோபம். இருக்கிற ஒரு காலையும் தொலைக்கப் போகிறாயா, பட்டது போதாதா என்று கத்தித் தீர்த்தார். தம்பி முடிகிறவரை கேட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்கு நீ எந்திரிச்சு நின்ன, வண்டி வந்துச்சு. அவருக்கு எந்திரிக்க ஆள் இல்லக்கா."

டீச்சர் சாவியைத் தேடினார். அது கையில்தான் இருந்தது.

பத்திரிகைக்காரன் வேலை என்றால் எதிராளியைக் குடைந்து குடைந்து கேட்பது என்றுதான் டீச்சர் இத்தனை காலம் நினைத்திருந்தார். சலவைக் கடையின் பின்னறையில், இஸ்திரி போட்ட துணிக் குவியல்களுக்கு நடுவில், தம்பி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எதையுமே கேட்கவில்லை. அந்தப் பெண் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிச் சொன்னாள், முதலாளி லீவு கொடுக்காததைச் சொன்னாள், பக்கத்து வீட்டு நாயைப் பற்றிச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் அவன் தலையசைத்தான். ரொம்ப நேரம் கழித்து, ஒரு சட்டையை மடித்தபடியே, "அப்பா உடம்ப என்கிட்டக் காட்டவே இல்ல சார்" என்றாள். அவன் அப்போதுதான் பேனாவைத் திறந்தான். கண் மங்கிவிட்டதால் தாளை முகத்தருகே பிடித்து எழுதினான். வாசலில் நின்றிருந்த டீச்சர், சீக்கிரம் கிளப்பிக்கொண்டு போக வேண்டும் என்று வந்தவர், உள்ளே வந்து துணிகளை ஒதுக்கி வைத்து ஓர் ஓரமாக உட்கார்ந்தார்.

பாதியிலேயே அவனுக்கு முடியாமல் போய்விட்டது. இரண்டு பேரும் கைத்தாங்கலாகப் பிடித்துக் காரில் ஏற்றினார்கள். ஏறியதும் தூங்கிப்போனான். அந்தப் பெண் கார்க் கதவில் கை வைத்தபடி நின்றாள்.

"நாளைக்கு வருவீங்களாம்மா? நான் இன்னும் சொல்லி முடிக்கல."

டீச்சர் தூங்குகிறவனைப் பார்த்தார்.

"நாளைக்கு டயாலிசிஸ். அடுத்த நாள் வர்றோம்."

சொன்னபடி போனார்கள்.