கை தூக்கும் பரீட்சை

பக்கத்து அறைக்காரனை எல்லோரும் டமாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். டமாரச் செவிடு என்பதன் சுருக்கம் அது. நசுங்கிய வண்டிகளின் தகட்டைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் வேலை. படிப்பை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனவனுக்கு இப்போது பத்தொன்பது வயது. போன புதிதில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் தட்டினானாம். “காதுல வச்சுட்டே, மூக்கு மட்டும்தான் பாக்கி. அதுலயும் வச்சா தூக்கிட்டுப் போயிடலாம்” என்று மேஸ்திரி சொல்ல, பட்டறையே சிரித்தது. அன்றே பஞ்சை எறிந்துவிட்டான்.

அவன் மனைவிக்குப் பதினெட்டு. வீட்டை எதிர்த்துக்கொண்டு வந்தவள். தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கிறாள். அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, அதுவரை எட்டிப் பார்க்காத அவள் அம்மா படியேறி வந்தார். எங்கள் அறைகளுக்கு நடுவில் இருப்பது சுவரல்ல, வெறும் பலகை. எல்லாம் கேட்டது.

“பெத்ததும் நீ வேலைக்குப் போயாகணும். சாயந்திர ஷிப்டுல யாருடி பாத்துப்பா, இவனா? புள்ள தொண்ட கிழிய அழுதாலும் இவன் தேமேன்னு உக்காந்திருப்பான்.”

“அவன் பாத்துப்பான்மா.”

“எப்படி? அடுத்த மாசம் வண்டியோட வர்றேன். பேசாம கிளம்பி வந்துடு. நம்ம வீட்டுலயே வளரட்டும். இவன் வேணும்னா எப்பவாவது வந்து பாத்துட்டுப் போகட்டும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பரீட்சை தொடங்கியது. அவன் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ள வேண்டும். அவள் அடுப்பு மேடை ஓரம் நின்று குழந்தை மாதிரி அழுவாள். கேட்டால் அவன் கையைத் தூக்க வேண்டும். அவன் தேறிவிட்டால் அவள் அம்மாவோடு போகப்போவதில்லை.

“ஆட்டுக்குட்டி மாதிரி கத்துற.”

“உன் புள்ள அப்படித்தான் கத்தும். மூடுடா கண்ண.”

முதலில் உரக்க. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்து, பலகைக்கு இந்தப் பக்கம் நானே காதைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டிய அளவுக்கு மெல்ல. “தூக்கிட்டான்! தூக்கிட்டான்!” என்று ஒவ்வொரு முறையும் அவள் கைதட்டுவாள்.

மூன்று வாரம் அப்படிப் போனது. கம்பெனியில் மிஞ்சிய துணித் துண்டுகளில் உள்ளங்கையகலச் சட்டைகள் தைத்தாள். அவன் பட்டறைக் கம்பியை வளைத்துத் தொட்டில் தாங்கி ஒன்று செய்து கொண்டுவந்தான். வாசலில் உட்கார்ந்து அதை உப்புத்தாளால் தேய்ப்பான். பிசிறு இருக்கிறதா என்று ஒவ்வொரு வளைவிலும் கன்னத்தை வைத்துப் பார்ப்பான்.

நான்காம் ஞாயிறு, இரண்டு மூன்று அழுகைகளுக்குப் பிறகு சத்தமே வரவில்லை.

“ஏன் தூக்கின?” என்றாள் திடீரென்று.

“கேட்டுச்சு.”

“நான் அழவே இல்லையே. வாய மட்டும்தான் திறந்தேன்.”

பாத்திரம் ஒன்று நகர்ந்த ஓசை.

“அரைக்கண்ணால பாத்துக்கிட்டா இருந்த? எல்லா வாரமுமா?”

அவன் சொன்னான்: “பெரிசா அழுதா கேக்குது. பெரிசாத்தானே அழும்?”

அன்றிரவு அவள் பையில் துணிகளை எடுத்துவைக்கும் ஓசை எனக்குக் கேட்டது.

அம்மா சொன்னபடி வண்டியோடு வந்தார். டமாரம்தான் மாடியிலிருந்து அவள் பையை இறக்கினான். தொட்டில் தாங்கியையும் கொண்டுபோய், வண்டியின் மேல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். படியின் கடைசியில் நின்று அவள் கூப்பிட்டாள். ஒருமுறை. இன்னொரு முறை. மூன்றாவது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்க. அவன் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய் அவன் தோளைத் தொட்டாள். அவன் சிரித்தபடி திரும்பி, எப்போதும் போல அவள் உதட்டைப் பார்த்தான்.

“நான் வந்து தொட்டுட்டேன். புள்ள எப்படிடா வந்து தொடும்?”

அவனுக்குப் புரிந்தது. தலையாட்டினான். பிறகு ஒரு பக்கம் தளர்ந்திருந்த முடிச்சை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டினான்.