வேகமான தட்டு

எலியட்ஸ் கடற்கரைக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தோம். சேகரின் வலது கை, அவனுடையது இல்லை என்பதுபோல் தோளிலிருந்து தொங்கியது. சாலையில் வண்டி ஒன்றுமில்லை. ஆனாலும் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் என் கால்கள் நின்றுவிட்டன. பதினோரு வருட ஃபின்லாந்துப் பழக்கம்.

"இன்னா மச்சான், உசுரு போவுது, நீ லைட்டு பாத்துக்கினு நிக்கிற?"

சேகர் என் அத்தை மகன். ஊரூர் ஒல்காட் குப்பத்தில் முருகேசன் மாமாவின் படகில் வலை இழுப்பவன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். இரண்டு முறை கடலுக்குப் போனேன், இரண்டாம் முறை படகு கவிழ்ந்தது. பிறகு துபாய், கடைசியில் ஃபின்லாந்தில் கிடங்கு வேலை. அங்கே காட்டுக்குள் டிஸ்க் கோல்ஃப் ஆடுவார்கள். பிளாஸ்டிக் தட்டை எறிந்து, தூரத்திலிருக்கும் சங்கிலிக் கூடையில் விழவைக்க வேண்டும். முதல் தட்டு வாங்கப் போனபோது கடைக்காரர் தடித்த விளிம்புள்ள, மெதுவான தட்டை நீட்டி, "உனக்கு இதுதான்" என்றார். கறுப்பனுக்கு இது போதும் என்கிறாராக்கும் என்று நினைத்து, கூர்மையான விளிம்புள்ள வேகத் தட்டை வாங்கினேன். அது தோள் பலத்துக்கு மசியாது, பழகிய வீச்சுக்குத்தான் பறக்கும். ஒரு மாதம் தோள் எரிந்த பிறகுதான், புதியவர் எல்லோருக்கும் அவர் அதையே சொல்வார் என்று தெரிந்தது. திரும்பப் போய் மெதுவானதையும் வாங்கினேன்.

விடுமுறைக்கு வந்தபோது இரண்டும் பையில் இருந்தன. அன்று மாலை கடற்கரையில் சேகரிடம் மெதுவானதைக் கொடுத்தேன்.

"இது கொயந்த சோறு துன்ற தட்டு. வலை வீசற கை மச்சான் இது. அத்தக் குடு."

வேண்டாம் என்று வாயெடுத்தேன். அது அந்தக் கடைக்காரரின் குரலாகக் கேட்குமே என்று தோன்றியது. கொடுத்துவிட்டேன். மூன்றாவது வீச்சில் தோள் மளுக்கென்றது. அலையே இல்லாமல் கிடந்த கடல் தட்டை வாங்கிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் விலகிய தோள்மூட்டை உள்ளே தள்ளிக் கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் கையைத் தூக்கக் கூடாது. ஃபின்லாந்தில் இதற்குக் காப்பீடு இருக்கும், நான் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகலாம். எங்கள் குப்பத்தில் வழக்கம் வேறு. உன்னால் ஒருவன் கடலுக்குப் போக முடியாமல் ஆனால், அவன் தேறும்வரை அவன் இடத்தில் நீ ஏற வேண்டும். யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள்.

முருகேசன் மாமா சேகர் வீட்டு வாசலில் நின்றார். "டிக்கெட்டு எப்போ?"

"புதன்கிழமை."

"தெக்கால கருத்துக்கினு கீது. கடலு மூச்சே வுடல, நைனா."

சேகரின் மனைவி செல்வி அழவில்லை. அவனுடைய பழைய சட்டையை என்னிடம் நீட்டினாள். "அண்ணே, இது ஒனக்கு சேரும்."

மறுநாள் காலை அந்தச் சட்டையில் படகேறினேன். வலை இழுக்கத் தெரியாதவனுக்கு மாமா கொடுத்த வேலை, உள்ளே வரும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவது. இறைக்கும் டப்பாவின் அடி ஓட்டை என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால் மெதுவான தட்டை எடுத்து வந்திருந்தேன். தடித்த விளிம்பு நன்றாக அள்ளியது. தொலைந்தால் கண்டெடுப்பவர் கூப்பிடட்டும் என்று அதன் உட்புறத்தில் என் பெயரையும் ஃபின்லாந்துத் தொலைபேசி எண்ணையும் எழுதியிருந்தேன். அள்ளும்போதெல்லாம் அவற்றின்மேல் கடல் நின்றது. கொட்டினேன். மறுபடியும் நின்றது.